அன்னாசி மாத்திரை

தெருக்குழாயடியில் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்த சூசை மேரி, பாஞ்சாலி கையை நீட்டியதும் டப்பாவை மூடிவிட்டாள்.

"தீந்து போச்சுக்கா."

டப்பா குலுங்கிய சத்தம் பாஞ்சாலிக்கு நன்றாகவே கேட்டது.

துபாயிலிருந்து மேரியின் மகன் அனுப்பிய அன்னாசி மாத்திரை அது. மூட்டு வீக்கத்துக்கு நல்லதாம். முன்பே வாங்கிச் சாப்பிட்ட எதிர்வீட்டுக் கெங்கம்மாள், முட்டி வலி குறைந்துவிட்டதென்று வளவனூர் பூராவும் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

"பக்கத்து வீட்டுக்காரிக்கு ரெண்டு மாத்திரை குடுக்க மனசு வரல பாரு. கஞ்சப் பிசினாரி," என்றாள் கெங்கம்மாள். மேரி குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பாஞ்சாலிக்கு வயிறெரிந்தது. மேரி டெங்குவில் படுத்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள் அவள். சாயங்காலம் மேரி வாசலில் வந்து "அக்கா" என்றபோது, முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாள்.

மறுநாள் விழுப்புரத்தில் செக்கப். அது ஊருக்குத் தெரியாத சமாச்சாரம். பாண்டிச்சேரியில் இதய வால்வு ஆபரேஷன் ஆனபோதும், தங்கச்சி வீட்டுக்குப் போவதாகத்தான் சொல்லிவிட்டுப் போனாள். மகள் கலைப்பிரியாவுக்கு வரன் பார்க்கிற நேரம். தாய்க்கு இதயக் கோளாறென்றால் பெண்ணுக்கும் இருக்கும் என்று மாப்பிள்ளை வீட்டார் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் அதே மாத்திரையை வாங்கிக்கொண்டுதான் டாக்டரிடம் போனாள்.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?"

"இல்லீங்க. இது வெறும் பழந்தான்," என்று டப்பாவைக் காட்டினாள்.

டாக்டர் அதை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

"பழம் ரெண்டு துண்டு சாப்பிடுறது வேறம்மா. இது அன்னாசியிலேர்ந்து பிரிச்செடுத்த நொதி. மருந்து மாதிரி வேலை செய்யும். நீங்க ஏற்கெனவே ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடுறீங்க. இதுவும் சேர்ந்தா ரத்தக்கசிவு வரலாம், லேசுல நிக்காது."

மேரி மட்டும் தாராளமாக இருந்திருந்தால் பாஞ்சாலி நேற்றே முழுங்கியிருப்பாள். திரும்பும் வழியில் மாரியம்மன் கோயிலில், மேரியின் கஞ்சத்தனத்துக்காக ஒரு சூடம் ஏற்றினாள்.

வீட்டுக்கு வந்தபோது மேரி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ குடுக்காததும் நல்லதாத்தான் போச்சுடி. எனக்கு அது ஒத்துக்காதாம்."

மேரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அருகே வந்தாள்.

"தெரியும்க்கா. யாருக்குக் குடுக்கலாம், கூடாதுன்னு டாக்டரைக் கேட்டுக்கினுதான் குடுத்தேன். ரத்தம் உறையாம மாத்திரை போடறவங்களுக்குக் குடுக்கவே கூடாதுன்னாரு."

"நான் போடறது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஆபரேஷன் அன்னிக்கு உன் தங்கச்சி எனக்கு போன் பண்ணி அழுதுச்சு, ஜெபம் பண்ணுங்கன்னு."

பாஞ்சாலி மேரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைச் சொல்லத்தான் நேத்து சாயங்காலம் வந்தியா? குழாயடியிலயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தெருவே உன்னைக் கஞ்சம்னு பேசுதே."

"பேசிட்டுப் போவுது. அங்க நான் வாயைத் தொறந்திருந்தா நம்ம கலைப்பிரியா கல்யாணமில்லக்கா நின்னுபோவும்."