நாத்தனார் முடிச்சைக் காணோம்

"ஏனுங்க, நிறுத்துங்க! என்ற முடிச்சு எங்கீங்க?"

நாத்தனார் வள்ளியாத்தாள் போட்ட சத்தத்தில், காபித் தட்டோடு வந்த புதுப்பெண் அன்புக்கரசி நடையிலேயே நின்றுவிட்டாள்.

வெள்ளகோவிலில் அங்கப்பன் வீட்டு முன்னறையில் கல்யாண கேசட் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மகன் கௌதமனுக்குக் கல்யாணமாகி இருபது நாள்தான் ஆகியிருந்தது. ஊரில் வீடியோக்காரர்களுக்குப் பஞ்சமா என்றால், இல்லை. ஆனால், "கோயமுத்தூர்ல இருந்து ஆளு வரவெச்சோம்" என்று நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள வேண்டாமா? அதற்காகவே கோட்டைமேட்டு ரசாக்கைப் பிடித்திருந்தார் அங்கப்பன். கேசட் போட்டுப் பார்க்கிற டெக் வீட்டுக்கு வீடு வராத வருஷம் அது. ரசாக் பாவம், கேசட்டோடு டெக்கையும் மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருந்தான்.

கல்யாணத்தன்று ரசாக் வைத்ததுதான் சட்டம். தாலி எடுத்துக் கொடுக்க வந்த பெரியவரையே, "ஒரு நிமிசமுங்க, லைட்டு!" என்று கையமர்த்தினான். பெரியவரும் நின்றார், நல்ல நேரமும் நின்றது. அப்படி நிறுத்தி எடுத்த படத்தில்தான் இப்போது கோளாறு.

கௌதமன் போட்ட முதல் முடிச்சு பளிச்சென்று விழுந்திருந்தது. அதோடு படம் மேடையை விட்டு இறங்கி, மண்டபத்து ஓரத்தில் இருந்த சாமான் அறை ஜன்னலில் போய் நின்றுகொண்டது. திரும்பி மேடைக்கு வந்தபோது கெட்டிமேளம் ஓய்ந்திருந்தது. மூன்றாவது முடிச்சு மாப்பிள்ளையின் அக்கா போட வேண்டியது. வள்ளியாத்தாள் போடத்தான் போட்டாள். அதற்குக் கேசட்டில் சாட்சி இல்லை.

"எனக்கு இருக்கறது ஒரே தம்பி. அவங் கல்யாணத்துல என்ற முடிச்சக் காணோம்னா..." அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"பம்பாய்ல இருக்கற மச்சானுக்கு ஒரு காப்பி அனுப்பறேன்னு சொல்லிப்போட்டேன்," என்று எகிறினார் அங்கப்பன். "அவரு தாலி கட்டறதப் பாக்கறதா, ஜன்னலப் பாக்கறதா? என்ன தம்பி இது?"

"கை தவறிப்போச்சுங்க," என்றான் ரசாக்.

"கை தவறுனா தரையக் காட்டும். ஜன்னல்ல போயி இத்தன நேரம் நிக்குமா? மறுக்காப் போடு."

போட்டான். மறுபடி முதல் முடிச்சு. மறுபடி ஜன்னல்.

வள்ளியாத்தாள் திரைக்குப் பக்கத்தில் போய் எட்டிப் பார்த்தாள். "அப்பா, உள்ள யாரோ நிக்கறாங்க!"

படத்தை நிறுத்தச் சொன்னார் அங்கப்பன். நிறுத்தினால் திரை முழுக்கக் கோடு. கோடுகளுக்கு நடுவே, இருட்டுக்குள் பாதி முகம். ஜன்னல் கம்பியைப் பிடித்த ஒரு கை. வளையல் இல்லாவிட்டாலும் பெண்பிள்ளையின் கை என்று தெரிந்தது.

அங்கப்பன் மூளை சுறுசுறுப்பானது.

"அன்னைக்குச் சமையல் பாத்தரத்துல பித்தளைப் போசி ஒண்ணு காணாமப் போச்சல்ல? சாமான் ரூம்புலதான இருந்துச்சு?"

"ஆமாங்கப்பா!" வள்ளியாத்தாள் அழுகையை மறந்தாள்.

"அப்புறமென்ன, ஆளு சிக்கிப்போட்டா. எல்லாரும் மேடையப் பாக்கற நேரமாப் பாத்து உள்ள பூந்திருக்கறா. நல்ல பொம்பளையா இருந்தா, தாலி கட்டற நேரத்துல அங்க என்ன வேல?"

இரண்டு நிமிஷத்துக்கு முன் விரட்டியடிக்க இருந்த ரசாக் இப்போது அந்த வீட்டுச் செல்லப்பிள்ளை ஆகிவிட்டான்.

"மிசினுன்னா சும்மாவா! மனுசன் கண்ணுக்குச் சிக்காதது இதுல சிக்கிப்போச்சு பாரு. காபி குடி தம்பி. அந்த மூஞ்சியப் பெருசா ஒரு போட்டோ போட்டுக் குடு. மண்டபத்து வாசல்லயே ஒட்டிப்போடறேன். ஊரே பாக்கட்டும்."

அன்புக்கரசி நீட்டிய தட்டிலிருந்து ரசாக் டம்ளரை எடுக்கவில்லை. அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தான்.

"திருடி இல்லீங்க."

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்ற கை தவறலீங்க. மொத முடிச்சு விழறப்போ பொண்ணு மாப்பிள்ளையையும் பாக்கல, கேமராவையும் பாக்கல. அந்தப் பக்கமே பாத்துட்டு இருந்துச்சுங்க. அப்படி என்னத்தப் பாக்குதுன்னு நானும் திருப்புனேன். அப்புறம் திரும்பி வர மனசு வரலீங்க."

பொத்தானைத் தட்டினான். படம் நகர்ந்தது.

கம்பி இடுக்கில் அந்தக் கை வெளியே நீண்டது. உள்ளங்கையில் அட்சதை. மேடையைப் பார்த்து வீசியது. ஒரு மணி அரிசிகூட மேடைக்குப் போகவில்லை. அத்தனையும் ஜன்னல் விளிம்பிலேயே சிந்தியது. பிறகு இரண்டு கையும் சேர்ந்து கும்பிட்டன.

அன்புக்கரசி தட்டோடு திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"அது எங்கம்மாங்க மாமா."

அங்கப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சம்பந்தியம்மாவையா திருடி என்றோம்! சங்கடத்தோடு மருமகளைப் பார்த்தார். அடுத்து அவர் கேட்டதை, சத்தியமாக ஞாபகம் இல்லாமல்தான் கேட்டார்.

"பெத்த புள்ள கல்யாணத்துல மேடைக்கு வராம, அங்க போயி எதுக்குக் கண்ணு நின்னாங்க?"

அன்புக்கரசி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"முகூர்த்தம் முடியற வரைக்கும் தாலியறுத்தவங்க யாரு கண்ணுலயும் படக் கூடாதுன்னு, நீங்கதானுங்க மாமா அங்க நிக்க வெச்சீங்க."