தோள் மட்டம்

உள்ளே விதை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் கதவுக்கு வெளியே நின்றான்.

மண்கலயத்துக்குள் கைவிட்டு மொச்சையைப் போட்டால் சம்மதம். புளியங்கொட்டையைப் போட்டால் இல்லை. இருபத்தொரு பேர் போடுவதில் ஒரே ஒரு புளியங்கொட்டை கிடந்தாலும் போதும், வந்த வழியே திரும்பிப் போக வேண்டியதுதான்.

நன்மரண சபையில் ஆள் சேர்ப்பது அப்படி. ஊரில் யார் செத்தாலும் தூம்பா என்கிற சவப்பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டம் வரை தூக்கிப் போகிறவர்கள் அவர்கள். கூலி கிடையாது. கறார் மட்டும் உண்டு.

பூசை முடிந்து வெயில் ஏறிவிட்டது.

இருபது பேரைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. கஸ்பார் ஒருவர்தான்.

சபையிலேயே நெட்டையானவர் கஸ்பார். எதிரே வந்தால் அவனை ஏற இறங்கப் பார்ப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். கடைத்தெருவில், கடற்கரையில், பூசையில்கூட அந்தப் பார்வைதான். மாட்டுச் சந்தையில் பார்ப்பார்களே, அப்படி.

காரணம் தனக்குத் தெரியும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். அவன் வெளியூர்க்காரன். ஐஸ் கம்பெனிக்கு வேலைக்கு வந்து, இந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியவன். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்ட அவள் வீட்டார், அவள் செத்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

ஐப்பசி அடைமழை. தெருவில் முழங்கால் தண்ணீர். அவளைக் கிடத்திவிட்டு, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான்.

சபைக்காரர்கள் வந்தார்கள்.

யாரும் போய்ச் சொல்லவில்லை. நனைந்த சபை அங்கியோடு வந்தார்கள்.

அந்த மழையில் வந்து சேர்ந்தது ஏழே பேர். எட்டுத் தோள் வேண்டும். எட்டாவது இடத்தில் அவனே நின்றான். பக்கத்தில் நிற்பது யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

தூக்க ஆளில்லாமல் பெண்டாட்டியைத் தானே தூக்கிப் போன புருஷன். அந்த வெட்கம் ஏழு வருடமாக நெஞ்சில் கிடந்தது. அதைவிடப் பெரிதாகக் கிடந்தது நன்றி. அந்த ஏழு பேர் வராவிட்டால் அவள் அப்படியே கிடந்திருப்பாள்.

இதற்கு என்ன கைமாறு செய்ய முடியும்? இன்னொரு வீட்டு வாசலில் அதேபோலப் போய் நிற்கலாம். அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது.

சபையில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தான்.

கூப்பிடவில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் இல்லை, ஏழு வருடம். நம்மை அவர்களுக்கு ஆகாதுபோல என்று இருந்துவிட்டான்.

போன மாதம் கோயில் உபதேசியாரிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். சபைக்கு யாரையும் அழைக்கக் கூடாது, அது விதி. வேண்டியவன் தானாக வந்து கேட்க வேண்டும். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று திட்டித் தீர்த்தார்.

கேட்டுவிட்டான். இதோ நிற்கிறான்.

கதவு திறந்தது.

வந்தது கஸ்பார்.

போச்சு என்று நினைத்தான்.

கஸ்பார் கலயத்தைச் சாய்த்துக் காட்டினார். எல்லாம் மொச்சை. கறுப்பாக ஒன்றுகூட இல்லை.

அவன் இன்னொரு தடவை பார்த்தான்.

அதற்குள் கஸ்பார் அவன் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கையைத் தன் தோளில் வைத்து, ஏற்றாமல் இறக்காமல் அப்படியே நகர்த்தினார். கை அவன் தோளில் வந்து படிந்தது.

“சந்தியாகு செத்தப்புறம் எனக்குச் சோடி இல்ல மாப்பிள. மத்தவனெல்லாம் குட்ட. ஏழு வருசமாக் குனிஞ்சே தூக்குதேன். ஒன் தோளத்தான் பாத்துட்டே கெடந்தேன். நாங்க கேக்கக் கூடாதுல்லா.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

நன்றி சொல்லத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. அன்றைக்கு ஓர் ஆள் குறைந்து, கட்டினவனே தூக்கும்படி ஆகிவிட்டதே, அவளுக்கு அது ஒரு குறைதானே என்று, ஏழு வருடமாக யாரிடமும் சொல்லாததைத் தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

கஸ்பார் கலயத்தைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கு என் பக்கத்துல நின்னது நீதான மாப்பிள. அத்தன தண்ணியிலயும் தூம்பா ஒரு பக்கம் சாயல. இந்த ஊர்ல அவ மாதிரி ஆடாம அசையாமப் போனவுக யாரும் கெடையாது.”

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

உள்ளே அவனுக்கான அங்கியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பொறுங்கள் என்று அவர்களுக்குக் கை காட்டிவிட்டு, கஸ்பார் வெயிலில் நின்றார்.