டொரண்டோவிலிருந்து ஒரு மரங்கொத்தி

பறவை மட்டும் போதும் என்று படத்தை வெட்டிக்கொண்டார்.

ஜன்னல், திரை, அறை எல்லாம் போயிற்று. மிச்சம் இருந்தது கறுப்பு உடலும் சிவப்புக் கொண்டையும்.

டொரண்டோவிலிருந்து மகள் ஜெசிந்தா அனுப்பிய படம். மூன்று வருடம் கழித்து அவளிடமிருந்து வரும் முதல் செய்தி. கீழே ஒரே ஒரு வரி.

‘அப்பா, பேச்சிப்பாறைல நாம பாத்த மரங்கொத்திதானே இது?’

அவருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கேட்காமல் கல்யாணம் கட்டிக்கொண்டாள் என்பதற்காக, இனி என் முகத்தில் விழிக்காதே என்று சொன்னவர் அவர்தான். சொன்ன வாயைத் தைத்தால் என்ன என்று தோன்றாத நாள் இல்லை. ஆனாலும் வீம்பு விடவில்லை.

இப்போது அவளே கேட்கிறாள். அதுவும் முப்பது வருடம் விலங்கியல் பாடம் நடத்திய மனிதரிடம். விடுவாரா?

பேச்சிப்பாறையில் எடுத்த பழைய படத்தைத் தேடிப் பிடித்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை.

‘இல்லை. சாயல் ஒன்றுதான், யாரையும் ஏமாற்றிவிடும். நம்ம ஊர்ப் பறவைக்கு வயிறு வெள்ளை. இதற்குக் கறுப்பு. கன்னத்திலிருந்து கழுத்தில் இறங்கும் இந்த வெள்ளைக் கோடும் நம்முடையதற்குக் கிடையாது. மீசை சிவப்பு, ஆகவே ஆண்.’

அனுப்பினார்.

உடனே பார்த்துவிட்டாள். பதில் வரத்தான் நேரமாயிற்று.

‘சரிப்பா.’

அவ்வளவுதான்.

அவருக்கு ஏதோ ஒரு மாதிரி இருந்தது. அதன் பிறகே அடுக்களையைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

மனைவி ஸ்டெல்லா ஈரக்கையோடு ஓடிவந்து போனைப் பிடுங்கினாள். மகள் அனுப்பிய முழுப் படத்தைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே மரத்தில் இருந்த பறவையின் பக்கம் அவள் கண் போகவே இல்லை. படத்தின் கீழ் ஓரத்தை விரலால் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள்.

ஜன்னலுக்குக் கீழே ஒரு தொட்டில். போர்வைக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

“உங்க மூக்குல்லா இது,” என்றாள். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

அவர் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“பிள்ளையக் காட்டியிருக்கா. நீங்க என்ன பதில் போட்டிய?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“வயிறு கறுப்புன்னு,” என்றார்.