ஓட்டுப் போடாத ஒப்பந்தம்

வாசல் புல்தரையில் நட்டிருந்த பிரசாரப் பலகையைக் கம்போடு பிடுங்கி, பக்கத்து வீட்டு நண்பன் ஆர்லனின் முகத்தில் ஓங்கி அடித்தான் டுவேன். மூக்கு உடைந்தது. பலகையில் சிரித்துக்கொண்டிருந்த வேட்பாளரின் பல்லிலும் ரத்தம் தெறித்தது.

“துரோகி! இருபது வருஷ ஒப்பந்தம்டா!”

ஆர்லன் சும்மா இருக்கவில்லை. அவன் விட்ட குத்தில் டுவேனின் முன்பற்கள் இரண்டு மேப்பிள் சருகுகளின் மேல் விழுந்தன. பதிலுக்குக் கம்பு திரும்ப இறங்கியது. ஆர்லனின் கை எலும்பு சடக்கென்று முறிந்தது.

ஆம்புலன்ஸ் ஆர்லனை ஏற்றிக்கொண்டு போனபின், போலீஸ்காரர் டுவேனுக்கு விலங்கு மாட்டினார்.

“என்னய்யா ஒப்பந்தம்?”

“அவன் அந்தக் கட்சி சார், நான் இந்தக் கட்சி. ரெண்டு ஓட்டும் ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சுதானே போகுது? அதனால அஞ்சு அதிபர் தேர்தலா ரெண்டு பேருமே ஓட்டுப் போடாம, பீரைத் தூக்கிட்டு ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிடுவோம். இந்தத் தடவை கருத்துக்கணிப்புல அரை சதவீதம்தான் வித்தியாசம்னு வந்துச்சு. உடனே இந்த நாய், தேர்தலுக்குப் பத்து நாள் முன்னாடியே, முன்கூட்டி ஓட்டுப் போடத் திறந்திருக்கிற மையத்துக்குத் திருட்டுத்தனமாப் போய் ஓட்டைப் போட்டுட்டான்!”

“எவனோ சொன்னதைக் கேட்டு ஆளை இப்படியா அடிப்பே?”

டுவேன் ரத்தத்தைத் துப்பினான்.

“யாரும் சொல்லல சார். என் ரெண்டு கண்ணால பார்த்தேன். காலையில ஓட்டுப் போடுற வரிசையில, தொப்பிய மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, எனக்கு நாலு ஆள் பின்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தான்!”