டூங்கபி தோசை டொட் கொம் டொட் ஏயு

"என்ர கடைப் பேரில ஆர் வெப்சைட் எடுத்தது?" சிட்னியின் டூங்கபியில் இருக்கும் 'டூங்கபி தோசை' கடை முதலாளி இந்திரகுமார் கத்தினார்.

"தெரியேல்ல அங்கிள்," என்றாள் கல்லாவிலிருந்து கணினியில் தேடிய துவாரகா. "ஏபிஎன் எண்ட வியாபார நம்பர் இருக்கிற ஆக்களுக்குத்தான் டொட் கொம் டொட் ஏயு குடுப்பாங்கள்."

குசினியிலிருந்து சமையல்காரி சுஜீவா வந்தாள். "நான்தான் எடுத்தனான்."

"வேலைக்காரிக்கு ஆர் ஏபிஎன் குடுத்தது?"

"ஏபிஎன் எடுத்தால்தான் வேலை எண்டு நீங்கள்தானே என்னை எடுக்க வைச்சனீங்கள்? அம்மா செத்த அண்டு லீவு கேட்டனான். 'நீ வேலையாள் இல்லை, தனி வியாபாரி. உனக்கு லீவு கிடையாது' எண்டனீங்கள்."

வாசலில் மத்தியானக் கூட்டம் காத்து நின்றது. சுஜீவா தோசைக்கரண்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"இண்டைக்கு இந்த வியாபாரி லீவு."