துடைத்த பொட்டு

"நீ வச்ச சந்தனம் உள்ள இறங்கித்தான் கம்ப்யூட்டர் இப்படி நின்னு நின்னு போகுது!" ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி மேலாளர் நாகலிங்கம் கத்தினார். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டை, ஆபீஸைப் பெருக்கித் துடைக்கும் தெய்வானை ஈர முந்தானையால் ஒற்றி ஒற்றித் துடைத்தாள். அவள் கை கழுவப் போனதும் அவர் உட்கார்ந்தார். திரை மறுபடியும் உறைந்தது. பூஜை விடுமுறையில் யாரையும் கேட்காமல் அதில் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை ஏற்றியவர் அவரேதான். அவசரமாகப் பழையதற்கே மாற்றினார். அரைமணி நேரத்தில் எல்லாம் ஒழுங்காக ஓடியது.

"துடைச்சதும் சரியாப் போச்சா சார்?" வாசலில் நின்று கேட்டாள் தெய்வானை.

"ம்."

"இனிமே வைக்க மாட்டேன் சார்."

கம்ப்யூட்டர் பெட்டியின் ஓரத்தில் மஞ்சள் கீற்று ஒன்று துடைபடாமல் இருந்தது. அவர் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.