கடைசிக் கையெழுத்து

“கூட வந்திருக்கிறது யாரும்மா?” என்று கேட்டார் பெண் எஸ்.ஐ.

“எங்க அப்பா, மேடம்.”

பதினேழு வயதில், பையில் கஞ்சா மிட்டாயோடு பிடிபட்ட அன்று ஆதிரை சொன்ன பதில் அது. வந்திருந்தவர் அம்மாவின் இரண்டாவது கணவர் தினகர். அதற்கு முன்பும் சரி, பின்பும் சரி, அவள் அவரை “அங்கிள்” என்றுதான் கூப்பிட்டாள்.

இரண்டு வருடம் ஒழுங்காக இருந்ததால் இப்போது அவளுடைய வழக்குப் பதிவை அழிக்கிறார்கள். அதற்கு விஷயம் தெரிந்த ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட்டு உள்ளே போய் வரவேண்டும்; அவர்கள் நினைவிலிருந்தும் அந்த நாள் போய்விடும். தவறு செய்தவருக்கு மட்டும் அது மிஞ்சும். அம்மா போன வாரமே கையெழுத்துப் போட்டு மறந்துவிட்டாள். நேற்று பக்கத்து வீட்டில், “எங்க பொண்ணு போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிச்சதில்ல” என்று பெருமையடித்தாள்.

பாக்கி தினகரின் கையெழுத்துதான். பதிவு அழிந்தால்தான் கிடைக்கும் நர்ஸிங் சீட்டுக்கு நாளை கடைசி நாள். மனிதர் ஒருமுறை கண்ணாடியை மறந்து வந்தார், ஒருமுறை ஆதார் கார்டை.

“என் மேல இன்னும் கோபமா அங்கிள்?” பதிவை அழிக்கும் அலுவலகத்தின் பெஞ்சில் ஆதிரை கேட்டாள்.

“சேச்சே, கோபமெல்லாம் இல்லடா.”

அவர் கையெழுத்துப் போட்டார். உள்ளேயிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவர் நின்று தொண்டையைச் செருமினார்.

“வெளிய வரும்போது எனக்கு அன்னைக்கு நடந்தது எதுவும் ஞாபகம் இருக்காது. உனக்கு இருக்கும். இன்னொரு தடவை என்னை அப்பான்னு கூப்பிடுறியாம்மா?”